அரைச்சுற்று

பயிற்சிக் கூடத்துச் சுவரில்
ஐந்து கட்டங்கள் வரைந்திருக்கும்:
அனல், புனல், காற்று, அணு, சூரியன்.
ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பல்பு.
கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே
வெறும் சுண்ணாம்பு.

இருபத்திரண்டு வருடமாக
முதல் கட்டத்துக்குள் எனக்கு வேலை.
நெய்வேலிக் கரி கறுப்பில்லை,
நனைந்த மரத்தின் பழுப்பு.
எடையில் பாதி தண்ணீர்.
அதை உலர்த்தவே பாதித் தீ போய்விடும் என்பார்
கலியமூர்த்தி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்.
மிச்சத் தீ கொதிகலன் குழாய்களைச் சுடும்.
நீர் ஆவியாகி, ஆவி மேலும் காய்ந்து,
ஐந்நூற்று நாற்பது டிகிரியில்
கண்ணுக்கே தெரியாத ஒன்றாகி
டர்பைன் இதழ்களைத் தள்ளும்.
தண்டு சுற்றும்.
மறுமுனையில் காந்தம் சுற்றும்.
அதைச் சூழ்ந்த செம்புச் சுருளில் பிறக்கும்
விருத்தாசலத்து மாவு மில்,
கடலூர் முதுநகரின் ஐஸ்கட்டி,
புதுச்சேரிக் கடற்கரையின் விளக்கு வரிசை.

நொடிக்கு ஐம்பது சுற்று.
நாற்பத்தொன்பதரைக்கு இறங்கினால்
போன் அடிக்கும்.

புனல் சுற்றுவதும் இதே மாதிரித் தண்டைத்தான்,
மலையிலிருந்து விழுந்து.
கல்பாக்கத்தில் அணுவையே பிளக்கிறார்கள்,
கடைசியில் கிடைப்பது வெந்நீர்.
காற்றாலைக்கு அடுப்பே கிடையாது.
சூரியத் தகடு மட்டும் எதையும் சுற்றுவதில்லை.
சும்மா வெயிலில் கிடந்தே சம்பாதிக்கும் அதன்மேல்
எனக்கு இன்னும் லேசான சந்தேகம்.

புயல் கரையேறிய இரவு,
ஒன்றரை மணிக்கு
முந்திரித் தோப்புகளின் மேல் கோபுரங்கள் மடிந்தன.
செய்த கரண்டை வாங்க ஆளில்லை.
யூனிட்டுகள் ஒவ்வொன்றாய் விழுந்தன.
கட்டுப்பாட்டு அறையில் முதன்முறையாக
என் கைக்கடிகாரத்தின் சத்தம் கேட்டது.

மின்சாரம் செய்கிற இடத்தில்
டார்ச் லைட் தேடினோம்.
கரி அரைக்க மின்சாரம் வேண்டும்,
காற்றூத, நீரேற்ற வேண்டும்.
டீசல் ஜெனரேட்டர் அறையில் முழங்கால் வெள்ளம்.
வெளியே மலையாய்க் கிடந்தது கரி,
தீக்குச்சி இல்லாத வீட்டு விறகு போல.

இரண்டு பத்துக்குத் தண்டு நின்றது.
சூட்டோடு நின்ற தண்டை அப்படியே விட்டால்
தன் எடையிலேயே தொய்யும்.
மயிரிழை வளைந்தாலும் ஆறு மாதம் போச்சு.
பாட்டரி தீருமுன் எண்ணெய் பம்பு தாங்கும்.
திருப்புவதற்குக் கைதான்.

நெம்புகோலில் ஆபத்சகாயம், வேதவல்லி,
கலியமூர்த்தி, நான்.
அப்புறம் அஞ்சாப்புலி.
ஒப்பந்தத் தொழிலாளி, ஷிப்ட் முடிந்தும்
மழையில் போக முடியாமல் தங்கியவர்.
அவருடைய ஊர் இருந்த இடத்தில்
இப்போது நூறு மீட்டர் ஆழம்.
எங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான்
எங்கே கால் ஊன்றுவதென்று தெரிந்திருந்தது.

அரைச்சுற்று.
நிறுத்து. மணி பார்.
கால் மணி கழித்து
அரைச்சுற்று.
யாரோ பண்ருட்டியில் ஓடு பறந்த வீட்டை நினைத்து
வாய்விட்டு ஒரு பெயர் சொன்னார்கள்.
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
அரைச்சுற்று.

நாலே முக்காலுக்கு,
முகம் தெரியாத ஒருவர்
குந்தாவில் மதகைத் திறந்தார்.
தண்ணீர் விழ எவரிடமும் கரண்ட் கேட்பதில்லை.
ஈரோடு, சேலம் என்று
முறியாமல் மிஞ்சிய ஒற்றை லைன் வழியே
தேயிலைச் சரிவின் மழை வந்து
எங்கள் பம்பைத் தொட்டது.
அது முனகியது.
வேதவல்லி அழுதாள், பிறகு மறுத்தாள்.

பதிவேட்டில் எழுதினேன்:
உற்பத்தி, பூஜ்யம்.
கையால் திருப்பியது, பதினொரு முறை.
மொத்தம் ஐந்தரைச் சுற்று.
மெஷின் ஓடும்போது அதற்கு
நொடியில் பத்தில் ஒரு பங்குகூட முழுதாய் ஆகாது,
கொஞ்சம்தான் கூட.

அஞ்சாப்புலி உள்ளங்கைக் கொப்புளத்தை ஊதியபடி கேட்டார்:
“இதுக்கு ஓவர்டைம் உண்டா மேடம்?”
படிவத்தை எடுத்துவைத்து
எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று
தேடிக்கொண்டிருந்தேன்.