நுனி

ஆறு மாதத்துக்கு ஒருமுறை
கார்லெட்டன்வில் சுரங்கத்தில் கயிற்றின் நுனியை வெட்டி
லாரியில் ஜோஹன்னஸ்பர்குக்கு, எனக்கு அனுப்புவார்கள்.
சட்டம் அப்படி.
மூன்று மீட்டர் உருக்கு, மணிக்கட்டுப் பருமன், கிரீஸ் நாற்றம்.
இரு முனையிலும் துத்தநாகம் வார்த்து
எந்திரத்தின் வாயில் மாட்டி
அறும்வரை இழுப்பேன்.

முதலில் ஒரே ஒரு கம்பி, உள்ளே எங்கோ,
டிங் என்னும்,
காபிக் கோப்பைக்குள் கரண்டி விழுந்த மாதிரி.
சற்று மௌனம்.
பிறகு ஜன்னல்கள் அதிர,
நூற்று எண்பத்திரண்டு டன்.
எழுதிக்கொள்வேன்.
அதன் மிச்சக் கயிறு இந்நேரம்
நான் முகம் பார்த்திராத நூற்றிருபது பேரை
மூன்றே நிமிடத்தில் இரண்டு கிலோமீட்டர்
பாறைக்குள் இறக்கிக்கொண்டிருக்கும்.
அங்கே அறாமலிருக்க இங்கே அறுப்பது,
என் பிழைப்பு அவ்வளவே.

போன செவ்வாய் ரெஃபில்வே வந்தாள்.
கழுத்தில் பல்கலைக்கழக அட்டை,
கையில் தீப்பெட்டி.
அதற்குள் பஞ்சின்மேல் ஐந்து இழைகள்,
இமைமயிரைவிட மெலிசு,
நான்கு சென்டிமீட்டர் நீளம்.
"வானத்துக்குப் போகிற லிஃப்டுக்கு, மிஸ் படையாச்சி"
என்றாள், சிரிக்காமல்.

கதைகளில் படித்திருக்கிறேன்.
நிலநடுக்கோட்டிலிருந்து நேர் மேலே
முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் தாண்டி ஒரு நாடா,
அதில் ஊர்ந்தேறும் பெட்டி,
ஜன்னலோரம் தேநீர் அருந்தும் பயணிகள்.
எந்தக் கதையிலும்
நுனியை வெட்டி அனுப்புகிற ஆள் வந்ததில்லை.
கயிறு திரிப்பது என்று சும்மாவா சொன்னார்கள்!

லெனேஷியாவில் எங்கள் வீட்டில் மிஞ்சிய தமிழ்
ஒரு கைப்பிடி. அதில் ஒன்று,
தவணைக்கு டிவி விற்க வந்தவன் போனபின்
அப்பா கதவைச் சாத்திக்கொண்டே சொன்னது:
வானத்தை வில்லாக வளைப்பான்,
மணலைக் கயிறாகத் திரிப்பான்.
கேலியாகத்தான் அவளுக்கு மொழிபெயர்த்தேன்.
யோசித்தாள்.
"மணல் இல்லை, கரி. மற்றபடி சரி."

கணக்கு எனக்கும் தெரியும்.
என் உருக்குக் கயிற்றை வானிலிருந்து தொங்கவிட்டால்
இருபது சொச்சம் கிலோமீட்டரில்
ஆள் ஏற வேண்டாம், காற்று ஆட்ட வேண்டாம்,
தன் கனத்தில் தானே அறும்.

இழைகளைக் காகிதச் சட்டத்தில் ஒட்டினோம்.
முதலாவது பசையிலிருந்து நழுவியது.
இரண்டாவது
ஓர் எலுமிச்சம்பழத்தின் எடை தாங்கி அறுந்தது.
சத்தமே இல்லை.
எடைக்கு எடை என் உருக்கைப்போல் ஒன்பது மடங்கு!
இருமுறை கூட்டிப் பார்த்தேன்.
தொங்கவிட்டால் இருநூறு கிலோமீட்டர்
தன்னைத் தானே சுமக்கும்.
வானத்துக்குப் போதாது. இருந்தாலும்
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.
மூன்றாவது அதில் பாதிகூட இல்லை.
ஒரே அடுப்பு, ஒரே நாள், ஒரே கை.
ஏனென்று அவளுக்கும் தெரியவில்லை.
அந்த 'ஏன்' மட்டும் எத்தனை கிலோமீட்டரோ.

நான்காவது இழுபடும்போது கரண்ட் போனது.
அட்டவணைப்படிதான்; நாங்கள்தான் பார்க்கவில்லை.
திரை இருண்டது. வெளியே
இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில்
கணக்கர் ஃபான் வைக்
லிஃப்ட் கதவைத் தட்டினார், திரிசங்கு.
"ரெண்டு மணி நேரம்" என்று கத்தினேன்.
ரெஃபில்வே இடுக்கின்வழி
தன் தண்ணீர்ப் புட்டியை உள்ளே நுழைத்தாள்.

செல்போன் வெளிச்சத்தில் படிவம் நிரப்பினேன்.
பொருள்: கரி இழை.
நீளம்: நான்கு சென்டிமீட்டர்.
பயன்பாடு என்ற கட்டத்தில்
இருபத்திரண்டு வருடமாக எழுதும் அதே சொல்லை
கை தானாக எழுதியது:
ஆள் ஏற்ற.
அடிக்கலாமா என்று பேனாவைப் பிடித்தபடி இருந்தேன்.
அடிக்கவில்லை.
முடிவு: தகுதியில்லை.
அதன் முன்னால், கொஞ்சம் இடம் இருந்ததால்,
இன்றைய தேதியில்.

ஐந்தாவது இழை தீப்பெட்டியிலேயே இருந்தது.
"அடுத்தது எப்போ கொண்டு வரட்டும்?"
எல்லோருக்கும் சொல்வதைத்தான் சொன்னேன்:
ஆறு மாதம்.