நட்டு

இடுப்புச் சங்கிலியை நான்தான் கழற்றினேன்.
வனத்துறைக்காரர் கொண்டுவந்த குறடு
அதற்குப் பெரிது.
பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும் என்று
எனக்குத் தெரியும்.
முறுக்கியவள் நான்.

சூளகிரி தாண்டி, ஓசூர் போகும் பக்கம்,
பாதி டயரைப் புதைத்து
வெள்ளையடித்திருக்கிறதே, அதுதான் கடை.
டிரான்ஸ்ஃபார்மரில் கருகி விழுந்த தாயின்
வயிற்றை விடாத குட்டியை
விரல் விரலாகப் பிரித்து
பழைய ட்யூபில் சுற்றி எடுத்துவந்தார் முனிரத்தினம்.
அன்றைக்கு அது ஓர் உள்ளங்கை.
சிரிஞ்சில் பால், மூன்று மணிக்கொரு தரம்.
பிள்ளையில்லாத வீடு என்று
யாரும் இரக்கப்பட வேண்டாம்.
இரண்டு பையன்கள், ஸ்கூல் ஃபீஸ், கந்துக்கடன்
எல்லாம் இருந்தது.
இருந்தும் வளர்த்தோம்.

கம்ப்ரசர் உறுமினால் ஓடிவந்து உட்காரும்.
கழற்றிய நட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கி
டப்பா மூடியில் போடும்.
கை நீட்டினால் திருப்பித் தரும்,
சில நேரம் நீட்டாமலேயே.
பெயர் அப்படி வந்தது.

லாரிக்காரர்கள் பன் கொடுத்தார்கள்.
ஒருவர் நெற்றியில் செந்தூரம் வைத்தார்.
விடியற்காலையில் வெடிபோட்டுக்
குரங்கு விரட்டுகிற மாந்தோப்புக் குத்தகைக்காரர்
பஞ்சருக்கு வந்தால் செருப்பைக் கழற்றிக் கும்பிடுவார்.
“தோப்புக்கு வந்தா கொரங்கு,
கடையில இருந்தா ஆஞ்சநேயரா?” என்றேன்.
“நீ மட்டும்? சாமிக்கு யாராவது சங்கிலி போடுவாங்களா?”
காற்றுப் பிடித்து அனுப்பிவைத்தேன்.

சங்கிலி பிறகுதான் வந்தது.
குட்டி வளர்ந்துவிட்டதை
அதன் பல்தான் முதலில் சொன்னது,
டீக்கடை ஜபீனாவின் மகள் முழங்கையில்,
ஏழு தையலாக.
ஜபீனா சண்டைக்கு வரவில்லை.
பதினோரு மணி டீ மட்டும் நின்றுபோனது.

அதன்பின் எல்லோருக்கும் பேச்சு.
காட்டில் விட்டால் மற்றதெல்லாம் கடித்தே கொன்றுவிடும் என்றார் ஒருவர்.
கட்டிவைத்தால் மட்டும் உயிரோடா இருக்கிறது
என்றது பெஞ்சின் மறு ஓரம்.
மாட்டைக் கட்டலையா, நாயைக் கட்டலையா
என்று என் வீட்டுக்காரர் குரலை உயர்த்தினார்.
“நாயை அவுத்துவிட்டா திரும்பி வரும்ணே.
இதை அவுத்துவிட்டுப் பாரு.”
வந்துவிடும் என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

குரங்கு கையில் பூமாலை என்கிறோம்.
மனுஷர் கையில் குரங்கு கிடைத்தால் என்னவாகும் என்று
ஒருத்தரும் பழமொழி சொல்லிவைக்கவில்லை.

புகார் எழுதியது யாரென்று
முனிரத்தினம் இன்றும் தேடுகிறார்.
டீக்கடையைத்தான் சந்தேகம்.
என் கையெழுத்து அவருக்குத் தெரியும் என்பதால்
பெரியவனைவிட்டு எழுதச் சொன்னேன்.

மகஜரில் இனம் எழுத இடமிருந்தது.
வயது, எடை, காயம் இருந்தால் காயம்.
பெயருக்குக் கட்டம் இல்லை.
“பார்க்க வராதீங்கம்மா, அதுக்கு நல்லதில்லை,”
என்று கூண்டுக்குத் துணி போர்த்தினார் கார்டு கெம்பண்ணன்.
ஜீப் அஞ்செட்டிப் பக்கம் திரும்பும்வரை
துணிக்கு வெளியே
நான்கு விரல்கள்.

போன வாரம் ஒரு டெம்போக்காரர்
சிரித்துக்கொண்டே சொன்னார்:
“அஞ்செட்டி வளைவுல பஞ்சருங்க.
ஜாக்கி போட்டு நட்டு கழட்டிட்டிருக்கேன்,
மரத்துலருந்து ஒரு கொரங்கு எறங்கி வந்து
பக்கத்துல குந்திக்கிட்டு
கையை நீட்டுது.”

“என்ன குடுத்தீங்க?”

“நானா? கல்லெடுத்து அடிச்சேன்.
பயந்து ஓடிடுச்சு. மேல மத்த கொரங்குங்க ஒரே கத்தல்.
கடைசில பார்த்தா ஒரு நட்டைக் காணோம்.”

“நல்லதுங்க,” என்றேன்.

டப்பாவைக் கிளறி
அதே அளவில் ஒன்று தேடி எடுத்து
நன்றாக முறுக்கினேன்.
காசு கொடுத்தார்.
வாங்கிக்கொண்டேன்.