கட்டைவிரல்

படத்தில் இருக்கும் கட்டைவிரல் என்னுடையது.
ஊரம்பு முக்கில், சாயாக் கடையில்,
இதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.
இடம் கிடைக்கவில்லை.

அந்தக் கடைக்கு அடுப்பு கேரளத்தில்,
பெஞ்சு தமிழ்நாட்டில்.
லாட்டரிச் சீட்டு விற்கும் சசாங்கன்
ஒரு காலை அந்தப் பக்கம் ஊன்றிக்கொண்டுதான்
இந்தப் பக்கம் கையை நீட்டுவான்.
எல்லோர் போனிலும் அது.
மீனா இல்லையா என்பதே முதல் தகராறு.

‘இருட்டில கெடக்கதுக்கு எதுக்கு ஓய் இத்தற பெரிய கண்ணு?’
ஆட்டோக்காரன் ஷிபு கேட்டான்.
‘இருட்டுல கெடக்கதுனாலதாம்லே,’ என்றார் பெர்க்மான்ஸ்.
‘நம்ம பிள்ளைய பிடிச்சது. நீரோடிப் போட்டு.’
‘போட்டு அடுத்தது கொச்சியிலல்லோ. அப்பம் எங்க கடலு.’
‘கடலுக்கு எங்கடே செக்போஸ்ட்டு?’
கடைசிக் காலத்தின் அடையாளம் என்றார் உபதேசியார் எரோணிமூஸ்.
‘அடையாளம்னா, திங்கலாமா கூடாதா?’
அதற்கு அவரிடம் பதில் இல்லை.
பருப்புவடையைப் பிட்டுக்கொண்டார்.

என் விரலை அளவாக வைத்து
நீளம் கணக்குப் போட்டார்கள்.
ஒன்பது அடி. இல்லை, பதினொன்று.
சசாங்கன் பதினொன்றில் முடியும் சீட்டுகளைத்
தனியே உருவி மேலே வைத்தான்.

உண்மையில் அது என் இடுப்பு உயரம்கூட இல்லை.
விரலில் ஒரு கணு கிடையாது,
கயிற்றுச் சுருளில் போய் நாலு வருஷம்.
குட்டை விரலுக்குப் பக்கத்தில்
எதுவும் பெரிதாகத்தான் தெரியும்.

‘ஒக்கிக்கு முந்தின வாரமும்
இப்பிடி ஒண்ணு கரையேறிச்சு,’ என்று யாரோ தொடங்க,
மீன்சட்டியை இறக்கி வைத்து
சாயாவுக்கு நின்ற ஜெனோவா திரும்பினாள்.
‘முந்தின வாரம் நான் கரையிலதான் நிண்ணேன்.
ஒண்ணும் வரல்ல.
புயல் வருதுண்ணு சொல்ல ஒரு ஆளும் வரல்ல.’
சாயா ஆற்றும் சத்தம் மட்டும் கேட்டது.
காசை வைத்துவிட்டு அவள் போனாள்,
குடிக்காமல்.

கொஞ்ச நேரம்தான்.
பாலிடெக்னிக் படிக்கும் அஜின் படத்தைப் பெரிதாக்கினான்:
‘இந்த விரலப் பாருங்க. கணு கொறையுது.
கம்ப்யூட்டர் வரைஞ்சா விரல்லதான் தப்பு வரும்.
மொத்தமும் கள்ளப் படம்.’
அதுவரை ஒத்துப்போகாத இரண்டு மாநிலமும்
அதில் ஒத்துப்போனது.
நான் கையைப் பைக்குள் விட்டேன்.
சாயாக் காசை இடது கையால் கொடுத்தேன்.

பதினேழாம் நாள் இரவு அது வந்தது,
கேரைச் சூரைகளுக்கு நடுவே.
செதில் இல்லை. தோல்,
ஆறிய கஞ்சியின் மேல் படியும் ஏடு போல.
குடல் வாய்வழியே பிதுங்கியிருந்தது.
நழுவாமலிருக்க விரலை வைத்தேன்,
ரிஜோ பிளாஷ் அடித்தான்.
அது செத்துக்கொண்டிருந்தது;
பெஞ்சில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை,
உயிரோடிருந்ததா என்று.

என் தலைவிளக்கை நோக்கி அந்தக் கண் திரும்பியது.
கூசுகிறதோ என்று அணைத்தேன்.
அப்போது அதன் வயிற்றோரம்
நீலமாக ஒரு வரிசை எரிந்தது,
மலைப்பாதையில் போகும் ராத்திரி பஸ்ஸின் ஜன்னல்கள் மாதிரி.
வால் பக்கமிருந்து ஒவ்வொன்றாக அணைந்தது.
கடைசி ஒன்று மட்டும்
விட்டு விட்டு
கொஞ்சம் நின்றது.
டிரைவர் கயிற்றை வெட்டச் சொன்னான். வெட்டினேன்.
அதைப் படமெடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

சசாங்கனிடம் ஒரு சீட்டு வாங்கினேன், பதினொன்றில் முடிவது.
ஏன் வாங்கினேன் என்று தெரியாது. அடிக்கவில்லை.

வீட்டில் வியான்சி போனை நீட்டினாள்.
அவளுக்கும் எங்கிருந்தோ வந்திருந்தது.
அது என்ன ஜந்து என்று கேட்கவில்லை,
பொய்யா நிஜமா என்றும் கேட்கவில்லை.
படத்தின் ஓரத்தை விரலால் விரித்துப் பார்த்துவிட்டு,
‘போட்டுல நகம் வெட்டவே இல்ல, இல்லியா?’ என்றாள்.