வாய்தா

சனிக்கிழமை காலை, புளியந்தோப்பு.
மாநகராட்சி நடுநிலைப் பள்ளி, ஏழாம் வகுப்பு.
பெஞ்சின் மேல் பெஞ்சு ஏற்றினால்
நீதிபதியின் ஆசனம்.
கவிழ்த்துவைத்த காய்கறிக் கூடை
சாட்சிக் கூண்டு.
ஓட்டை விழாமல் திருப்பித் தரணும்
என்றிருக்கிறார் சத்துணவு ஆயா.

வந்த முதல் நாளே தோற்றுப்போனேன்.
நம்ம ஊர் கோர்ட்டில் சுத்தியல் கிடையாது
என்று சொல்லித் தொலைத்தேன்.
முப்பத்தெட்டு முகங்கள் தொங்கின.
"அப்ப சத்தம் போட்டா எப்டிக்கா அடக்குவாங்க?"
"அடக்க முடியாது."
அடுத்த வாரம் நஸ்ரின்
வீட்டிலிருந்து சப்பாத்திக் கட்டையோடு வந்தாள்.
அன்றே அவளை நீதிபதியாக்கிவிட்டார்கள்.

என் கருப்புக் கோட்டு
ஆள் மாற்றி ஆள் போனது.
பூவிழிக்கு முட்டியைத் தொட்டது.
பையில் கைவிட்டுப் பழைய பஸ் டிக்கெட்டை எடுத்து
"இது எந்த கேஸோட ஆதாரம்?" என்றாள்.
பிறகு, கேட்டே விட்டாள்:
"எத்தன கேஸ்க்கா ஜெயிச்சிருக்கீங்க?"

மூன்று வருடமாக
சீனியரின் கட்டுகளைத் தூக்குகிறேன்.
எழும்பூரில் எழுந்து நின்று
இதுவரை நான் பேசியதெல்லாம் ஒரே வாக்கியம்:
சீனியர் ஹைகோர்ட்டில் இருக்கிறார், வாய்தா வேண்டும்.

"எண்ணல" என்றேன்.
"ஆட்சேபணை!" என்று எழுந்தான் அப்சல்.
அவன் எல்லாவற்றுக்கும் எழுவான்,
மணி அடித்தாலும்.

வழக்கு இரண்டு பக்க ஜெராக்ஸ்.
காணாமல் போன பச்சை சைக்கிள்.
இரவு எட்டரை. தெருவிளக்கு எரியவில்லை.
"இருட்டுல பச்சைன்னு எப்டித் தெரிஞ்சுது?"
பூவிழியே கண்டுபிடித்தாள்.
பெருமையில் கொஞ்சம் குதித்தாள்.
அப்புறம் நின்று,
"நெஜமா அவன் எடுத்தானா, இல்லயாக்கா?"
பேப்பரில் அது இல்லை என்றேன்.
"அப்ப யாருக்குத்தான் தெரியும்?"
ஜெராக்ஸைத் திருப்பிப் பார்த்தாள்,
கோனார் உரை மாதிரி
பின்னால் விடை இருக்குமென்று.

குற்றவாளி வேஷத்துக்கு ஆளில்லை.
குற்றவாளி இல்லடா, குற்றம் சாட்டப்பட்டவர்
என்று திருத்தியும் ஆளில்லை.
சீட்டு குலுக்கியதில் ஜெரோம்.
அவனுக்கு ஒரே வசனம்:
நான் எடுக்கவில்லை.

டவாலி இளமாறன்
மூன்று தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டதில்
எதிர்வீட்டு நாய் ஆஜரானது.
ஜெரோம் கூடைமேல் ஏறினான்.
வாயைத் திறந்தான்.
மூடினான்.
மின்விசிறி தன் ஒரே பக்கத்துக் குறையைச்
சொல்லிக்கொண்டே இருந்தது.

பின்பெஞ்சில் யாரோ சிரிக்க,
அவன் என்னைப் பார்க்காமல் கேட்டான்:
"எடுக்கலன்னு சொன்னா
நம்புவாங்களாக்கா?
அன்னிக்கி எங்க அண்ணனும் சொன்னான்."

நோட்டில் குறித்து வந்த
ஒன்பது குறிப்புகளில்
இதற்கு ஒன்றும் இல்லை.
அப்சல்கூட எழவில்லை.

அப்போது நஸ்ரின்
கட்டையால் ஒரே தட்டு.
"வாய்தா" என்றாள்.
"அடுத்த சனிக்கிழமைக்கு.
அதுவரைக்கும் அவன் கூண்டுல நிக்க வேணாம்.
வந்து நம்ம பெஞ்சுல உக்காரட்டும்."

நான் தினமும் உச்சரித்துத்
தேய்ந்துபோன சொல்.
அதற்குள் ஒரு பையன் உட்கார
இடம் இருந்தது
எனக்குத் தெரியாது.

திங்கள். எழும்பூர்.
வரிசை எண் பதினேழு.
டவாலி கூப்பிட்ட குரல்
இளமாறனுக்குப் பாதிகூட இல்லை.
வழக்கம்போல் எழுந்தேன்.
சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
கட்டைப் பிரித்து, முதன்முறையாக,
அவன் வயதைப் பார்த்தேன்.

பத்தொன்பது.