கூட்டக் குறிப்பு

தடைக்காலம் முடிய ஒன்பது நாள் கிடந்தது.
பாம்பன் விசைப்படகுச் சங்கத்தில் கூட்டம்.
எழுதியது நான்.

சேசுராசா எழுந்தார்.
“ஒடிசாப் பயலுக அறுநூறுக்கு ஏறுறானுங்க.
எங்களுக்குப் பங்குமில்ல, படகுமில்ல.”
அது வரைக்கும் எழுதினேன்.
பிறகு அவர் கை ஐஸ் கம்பெனிப் பக்கம் நீண்டது.
குளிக்க மாட்டானுங்க என்றார்,
பொம்பளப் பிள்ளைக நடக்கிற தெரு என்றார்,
இன்னொரு சொல்லும் சொன்னார்.
எழுதி, அடித்தேன்.

“இது இனவெறி” என்றாள் ஜெனிட்டா,
நண்டு கம்பெனியில் கணக்குப் பார்ப்பவள்.
சொன்னது சரி.
எனக்கும் தோன்றியது, நான் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் பாருங்கள்,
எட்டுப் படகுக்காரர் பூபாலன்
அதுவரை செல்போனை நோண்டிக்கொண்டிருந்தவர்
அந்தச் சொல்லைக் கைநீட்டி வாங்கினார்,
மழைக்கு அடுத்த வீட்டுக் குடையை வாங்குவதுபோல.
“தங்கச்சி சொல்றதுதான் நியாயம்.
மனுசன மனுசனாப் பாக்கணும்.”
கைதட்டினார்கள்.
ஜெனிட்டா தட்டவில்லை. ஏதோ சொல்ல வந்தாள்,
கைதட்டலில் கேட்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு மணி நேரம்
சேசுராசா வெறியரா இல்லையா என்பதுதான் கூட்டம்.
அவர் மச்சான் குவைத்தில் பட்ட பாடு,
தொண்ணூறில் அவர் அப்பா வள்ளத்தில்
அகதிகளை ஏற்றி வந்தது,
எல்லாம் சாட்சிக்கு வந்தன.
அறுநூறு வரவில்லை.

மண்டபம் முகாமில் பிறந்த கஜமுகன்
ஐந்நூற்றைம்பதுக்கு அதே படகில் போகிறவன்
வாசலில் சாய்ந்து நின்றான்.
முப்பத்துநாலு வயதிலும் வந்தவன்.
பேச்சு தன்னைப் பற்றியா என்று
என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான்.
குனிந்துகொண்டேன்.

வெளியே ஐஸ் உடைக்கிற சத்தம்.
உடைக்கிறவன் பெயர் சுதாம் பெஹரா.
கூட்டத்தில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.
பதினொரு பேர் படுக்கிற அறைக்கு
அவன் கூலியில் அறுபது பிடித்து
கைநாட்டு வாங்குவது நான்;
பூபாலனின் கூலி நோட்டும் என் கையெழுத்துதான்.

“விவாதம் நடந்தது. தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது.”

படியிறங்கும்போது சேசுராசா வழிமறித்தார்.
முகம் கறுத்திருந்தது.
“நான் பேசினது தப்புதான்டா, போகட்டும்.
அந்த அறுநூறையாவது எழுதினியா?”

நோட்டைப் பிரித்துக் காட்டினேன்.
கீழ்வரியை அடித்த மை
ஈரக்காற்றில் ஊறி
அந்த எண்ணின் மேலும் ஏறியிருந்தது.
கண்ணருகே வைத்துப் பார்த்தார்.
“ஆறு தெரியுது” என்றார்.