சமாதானபுரத்தில் இருபத்திமூன்றாம் இரவு

வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடை,
இரண்டாம் மாடி, சிறுவர் பிரிவு.
காலை ஒன்பதிலிருந்து நிற்கிறேன்.
இன்று மட்டும் எத்தனை கவுனை
எத்தனை பிள்ளைகளின் தோளில் வைத்துப் பார்த்திருப்பேன்!
"அடுத்த வருஷமும் போடலாம்க்கா,
உள்ளே மடிச்சுத் தச்சிருக்கு, பிரிச்சு விட்டுக்கலாம்."
ராத்திரி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தூங்கியபோதும்
பக்கத்தில் நின்றவளிடம் சொல்லியிருக்கிறேன்:
"கலர் போகாதுக்கா."

என் மகளுக்கு இன்னும் எடுக்கவில்லை.

பக்கத்து வீட்டில் விட்ட பிள்ளைகளில்
ஒன்றைத் தோளிலும் ஒன்றைக் கையிலுமாகக்
கூட்டி வரும்போது மணி பதினொன்று.
தேங்காய்ப்பால் விட்டுக் கரைத்த அச்சுமுறுக்கு மாவு
புளிக்கப் பார்க்கிறது.
வாசல் நட்சத்திரம் மழையில் ஊறி
ஒரு காலைத் தொங்கப்போட்டிருக்கிறது.
நாளை சாயங்காலம் ஞாயிறுபள்ளி நாடகம்.
ஹெப்சிபா ஆட்டுக்குட்டி.
வசனம் ஒன்றே ஒன்று, "மே".
மூன்று நாளாக அதைத்தான் பேசுகிறாள்,
சோறு வேணுமா என்றாலும் "மே".
ஆட்டுக்கென்று மருந்துக்கடையில் வாங்கிய பஞ்சு
நாலு உருளை, பீரோவுக்கு மேலே வைத்திருந்தேன்.

காணோம்.

குடிலில் இருந்தது.
வைக்கோல் கூரையில், மரத்தூள் தரையில்,
ஒட்டகத்தின் முதுகில்,
டப்பாவில் முளைக்கவிட்ட கேப்பைப் பயிர் மேலெல்லாம்
வெள்ளை வெளேரென்று.
"எம்மா, பனி," என்றான் கெர்சோம்,
அரையாண்டுப் பரீட்சை இன்றைக்குத்தான் முடிந்த முகத்தோடு.

"பாளையங்கோட்டைல எங்கலே பெய்யுது பனி?"
கேட்டுக்கொண்டே அடித்தேன்.
ஒன்று. பிறகு இன்னொன்று.
இரண்டாவது அடி அவனுக்கானதில்லை.
பதினாறு சட்டையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு
ஒன்றும் எடுக்காமல் போனாளே, அவளுக்கு.
நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போன சூப்பர்வைசருக்கு.
மேளத்தைத் தோளில் மாட்டி
ஏழு மணிக்கே கேரல் ரவுண்ட்ஸ் கிளம்பிவிட்ட
இவன் அப்பாவுக்கு.
அவர்களெல்லாம் தூரத்தில் இருந்தார்கள்.
இவன் கைக்கெட்டும் தூரத்தில் நின்றான்.

அழவில்லை.
போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

வைக்கோல் ஒட்டிய பஞ்சைப் பொறுக்கி
பழைய வெள்ளைப் பாவாடையில்
ஒட்ட உட்கார்ந்தேன்.

இரண்டே கால்.
தெருமுனையில் மேளம்.
அதற்கு முன்னால் சமாதானபுரத்து நாய்கள்
அத்தனையும் பாடிக்கொண்டு வந்தன.
இருபத்திரண்டு பேர்.
சொந்த வீட்டு வாசலில் விருந்தாளி மாதிரி நின்று
"கடுங்காப்பி உண்டா?" என்கிறார் என் வீட்டுக்காரர்.
கிறிஸ்துமஸ் தாத்தா
முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மூச்சு வாங்குகிறார்,
காலேஜ் இரண்டாம் வருஷம்,
மீசை இன்னும் சரியாக வரவில்லை.
உபதேசியார் கண்ணை மூடினார்:
"ஆண்டவரே, இந்த வீட்டின் சமாதானத்துக்காக..."
நானும் கை கூப்பினேன்.
விரலெல்லாம் பசை.
எல்லோரும் ஆமென் சொன்னபோது
உள்ளே தூக்கத்தில் ஹெப்சிபா "மே" என்றாள்.
எனக்குக் கை பிரியவில்லை.

அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.
இருபத்திரண்டு டம்ளர்கள் என்னோடு தங்கின.

மூன்று மணிக்கு, இடது காதை ஒட்டும்போது
பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.
தாத்தா கொடுத்த மிட்டாய்
இன்னும் பிரிக்காமல் கையில்.
கன்னத்தைப் பார்க்காமலிருக்க
நான் ஆட்டையே பார்த்தேன்.
பகலெல்லாம் அக்கா அக்கா என்று இளித்த வாய்க்கு
பெற்ற பிள்ளையிடம் சொல்ல
ஒரு வார்த்தை வரவில்லை.
"பசை டப்பாவப் பிடிலே," என்றேன்.
பிடித்தான்.
ஆட்டைத் திருப்பிப் போட்டுப் பார்த்தான்.
"எம்மா, வாலக் காணும்."

பஞ்சு தீர்ந்திருந்தது.

எழுந்து குடிலுக்குப் போனான்.
நான் கோபத்தில் வாரியபோது
கூரை மூலையில் தப்பியிருந்தது கொஞ்சம் பனி.
பாதியைப் பிய்த்துக்கொண்டான்.
மீதியை ஆள்காட்டி விரலால்
இழுத்து இழுத்து
கூரை முழுக்க வருகிற மாதிரி
பரப்பிவிட்டு வந்தான்.