மூடிக் கணக்கு

அபு ஷகாராவில் எங்கள் கட்டடத்துக்கும்
எதிரே கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கும் நடுவே
ஆறு வரிசைச் சாலை.
குறுக்கே போனால் முப்பத்தெட்டுக் காலடி.
சட்டப்படி சிக்னல் வரை போய்ச் சுற்றிவந்தால்
பதினெட்டு நிமிடம், ஆகஸ்டில் அதற்கும் மேலே.
பிடிபட்டால் நானூறு திர்ஹம்.

சலவைக்கடை ஹபீபுல்லா பிடிபடவில்லை.
இஸ்திரி போட்ட சட்டைகள் ஒன்பது
ஹேங்கரோடு தாரில் கிடந்தன.
என் வீட்டுக்காரரின் நீலச்சட்டையும் அதில்.

அதற்குப் பிறகுதான் கூடினோம்.
கூடினோம் என்றால், லிஃப்ட்டில்.
மூன்றில் ஏறியவர் ஆறில் இறங்குவதற்குள்
ஒரு வாக்கியம்.
மறுநாள் அதற்குப் பதில்.
கூட்டம் போட அனுமதி வேண்டும்,
லிஃப்ட்டுக்குக் காத்து நிற்க வேண்டியதில்லை.

டைப்பிங் சென்டர் மொய்தூட்டி
அரபியில் மனு அடிக்க இருபது திர்ஹம் கேட்டார்.
விஷயம் தெரிந்ததும் பத்து.
ஒரு கட்டத்தில் விரல் நின்றது:
"இந்தத் தெருவுக்கு நீங்க யாருன்னு எழுத?"

வாடகை ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவர்தான் யாரோ ஆவார்.
எங்கள் வீடு என் கம்பெனியின் பெயரில்.
304இல் பதினோரு கட்டில், தாளில் ஒரே பெயர்.
அந்தப் பெயர் கனடா போய் மூன்று வருடம்.
தவசிமணி சிரித்தார்:
"நான் குடியிருக்கவே இல்ல மேடம்,
மேல்கட்டில்ல தொங்கிட்டிருக்கேன்."

பன்னிரண்டு மாடியிலும் தேடினால்
கையெழுத்துக்குத் தகுதி பத்தொன்பது பேர்.
பதினாறு பேரிடம் கார் இருந்தது.

யோசனை வாட்ச்மேன் மொஜிபுருடையது.
மதிலோரம் ஒரு பெயின்ட் வாளி வைத்தார்.
கடக்கும் முன் ஒரு பாட்டில் மூடி போடு.
திரும்பி வந்தால் இன்னொன்று.
லபான் மூடி, தண்ணீர் மூடி, எதுவானாலும் சரி.
மூடிக்கு இகாமா கிடையாது.

விடியற்காலை நாலரைக்கு
என் படுக்கையறை வரை கேட்கும்.
டக். டக். டக்.
பிறகு ஓர் இடைவெளி.
இடைவெளி என்றால் லாரி.
டக்.

சிலர் இரண்டிரண்டாகப் போட்டார்கள்.
ஐந்தாம் மாடி மரிலூ கண்டுபிடித்து
வாளிக்குள் கைவிட்டு அள்ளி வீசினாள்:
ஒரு பொய் கலந்தால் அத்தனையும் பொய்.
ஆரோக்கியசெல்வி போட மறந்துவிட்டு
நடுத்திட்டில் ஞாபகம் வந்து திரும்பி ஓடிவந்தாள்.
இதை மூன்றாகக் கணக்கு வைப்பதா என்று
ஒரு மாலை முழுக்கச் சண்டை.

ஏழு நாள்.
எங்கள் ஹாலில் கொட்டி
நூறு நூறாகக் குவித்தோம்.
வீடெல்லாம் புளித்த மோர் வாடை.
ஐயாயிரத்து நானூற்றுப் பதினேழு.
பத்தொன்பது கையெழுத்துக்கு அடியில்
மொய்தூட்டி அந்த எண்ணை அடித்தார்.
பத்து திர்ஹத்தையும் திருப்பித் தந்தார்.

பலதியாவிலிருந்து ஒரு பொறியாளர்
அளவு நாடாவோடு வந்தார், இளைஞர்.
"எந்த இடத்தில் கடக்கிறீர்கள்?"
யாரும் வாய் திறக்கவில்லை.
நானூறு திர்ஹம்.

நடுத்திட்டுப் புல்லில்
ஓர் ஆள் அகலத்துக்கு
மண் தெரிந்தது.
அதைப் பார்த்தார்.
எங்கள் செருப்புகளைப் பார்த்தார்.
ஒன்றும் கேட்காமல் குனிந்து
தார் மேல் ஸ்ப்ரேயால்
உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைக் குறி.

நாலு மாதமாயிற்று.
கோடுகள் வரவில்லை, வராது என்றும் யாரும் சொல்லவில்லை.
தவசிமணி அஜ்மானுக்குப் போய்விட்டார்,
இந்தத் தடவை கீழ்க்கட்டில்.
வாளியை யாரும் எடுக்கவில்லை,
இன்னும் சில இரவுகளில் ஒரு டக் கேட்கிறது.
விடியலில் ஓடிக் கடக்கிற கால்கள் எல்லாம்
அந்தக் குறியருகே மட்டும்
அரையடி விலகி
ஓடுகின்றன.